சிரிப்பும் விசாரணையும்

மழை பொய்க்கலாம், விளைச்சல் குன்றலாம், ஆனால் புதியதோர் யந்திரம் உலகத்தைத் தலைகீழாக மாற்றப் போகிறதென்ற செய்தி மட்டும் பத்திரிகைகளில் ஒருநாளும் வரத் தவறுவதில்லை. வக்கீலுக்கு இனி வேலையில்லை, வைத்தியருக்கு வேலையில்லை, உபாத்தியாயருக்கு வேலையில்லை என்று ஒரு பக்கத்தில் படிக்கிறோம். அடுத்த பக்கத்தில் மருந்தே வேண்டாத உடம்பு, எண்ணெயே வேண்டாத வண்டி, மனிதனே வேண்டாத தொழிற்சாலை! இவற்றைப் படித்துவிட்டு ஜனங்கள் செய்வது இரண்டு காரியங்கள். சிலர் வாயைப் பிளக்கிறார்கள், பலர் சிரிக்கிறார்கள். வாயைப் பிளப்பவர்களைவிடச் சிரிப்பவர்களிடமே நமக்கு மதிப்பு அதிகம். ஆயினும் சிரிப்பு ஒரு தீர்ப்பாகிவிடாது என்பதை அவர்களுக்கு நினைப்பூட்டுவது நமது கடமையாகிறது.

சிரிப்பதற்குக் காரணம் இல்லாமற் போகவில்லை. நம் ஊர் மளிகைக் கடைகளில் ‘இன்று ரொக்கம், நாளை கடன்’ என்று ஒரு பலகை தொங்குவதை அறியாதார் யார்? அந்த நாளை என்றைக்கும் வராது என்பது கடைக்காரருக்கும் தெரியும், வாடிக்கைக்காரருக்கும் தெரியும். யந்திர வியாபாரிகளின் அறிக்கைகளிற் பல இந்தப் பலகையின் ஜாதியைச் சேர்ந்தவை. அமெரிக்காவின் மோட்டார் முதலாளி ஈலான் மஸ்க், தம் கம்பெனியின் வண்டி 2017-ஆம் வருஷம் முடிவதற்குள் லாஸ் ஏஞ்ஜலஸிலிருந்து நியூயார்க் வரையில் தானே ஓட்டிக்கொண்டு போகுமென்று 2016 அக்டோபரில் சொன்னார். 2017 முடிந்தது, வண்டி அப்படிப் போகவில்லை. வாங்கியவர்களிடம் பெற்ற பணம் ரொக்கம். வாக்குறுதி மாத்திரம் கடன். இதைக் கண்டு சிரிக்காதவன் ஒன்று அந்தக் கம்பெனியின் பங்குதாரனாக இருக்க வேண்டும், அல்லது துறவியாக இருக்க வேண்டும்.

ஆனால் சிரித்தவர்கள் தலைகுனிந்த கதைகளும் உலகத்தில் உண்டு. அவற்றிற் சில, நம்மைப் போன்ற பத்திரிகாசிரியர்களின் நாற்காலிக்கு மிக அருகிலேயே நடந்தவை. 1903 அக்டோபரில் லாங்லி என்னும் அமெரிக்கப் பேராசிரியரின் பறக்கும் யந்திரம் பொடோமாக் நதியில் விழுந்தது. உடனே ‘நியூயார்க் டைம்ஸ்’ பத்திரிகை, உண்மையாகப் பறக்கும் யந்திரம் தோன்றுவதற்குப் பத்து லட்சம் முதல் ஒரு கோடி வருஷம் வரையில் ஆகலாமென்று தலையங்கம் எழுதிப் பரிகாசம் செய்தது. பத்து வாரம் கழிவதற்குள், டிசம்பர் 17-ந் தேதி, ரைட் சகோதரர்கள் கிட்டி ஹாக் மணற்பரப்பில் 12 விநாடி பறந்துவிட்டார்கள். அன்றே நான்காம் முறை பறந்தபோது 59 விநாடி, 852 அடி. கோடி வருஷம் அறுபத்தொன்பது நாட்களாகச் சுருங்கிற்று!

அதே பத்திரிகை 1920 ஜனவரியில் கோடார்ட் என்ற பௌதிகப் பேராசிரியரைப் பிடித்துக்கொண்டது. காற்றில்லாத ஆகாயவெளியில் ராக்கெட் எதை உதைத்து முன்னேறும், பள்ளிக்கூடத்துப் பையன்களுக்குத் தெரிந்தது கூட இவருக்குத் தெரியவில்லையே என்பது அதன் கேள்வி. ராக்கெட் காற்றை உதைத்துச் செல்வதில்லை. தான் பின்னே வீசியெறியும் வாயுவின் எதிர்விசையால் முன்னே செல்கிறது. இது நியூட்டன் வகுத்த விதி. கோடார்ட் 1926-ல் திரவ எரிபொருள் ராக்கெட்டை முதன்முதலாகப் பறக்கவிட்டார், 1945-ல் காலமானார். அப்போலோ 11 சந்திரனை நோக்கிப் புறப்பட்டதற்கு மறுநாள், 1969 ஜூலை 17-ந் தேதி, அந்தப் பத்திரிகை தன் பிழையைத் திருத்தி வருத்தம் தெரிவித்தது. செத்தவருக்கு நாற்பத்தொன்பது வருஷம் கழித்து வந்த அந்த வருத்தத்தால் யாருக்கு என்ன லாபம்? விதியைப் படியாமல் சிரித்ததுதான் அங்கே குற்றம்.

அப்படியானால் நம்புவதா, சிரிப்பதா? சதுரங்கத்தின் கதை இதற்கு நல்ல விடை தருகிறது. 1770-ல் வியன்னா நகரில், மரியா தெரேஸா மகாராணியின் சபையில், கெம்பெலன் என்பவர் துருக்கியன் வேஷம் போட்ட பொம்மை ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். அது தானே சதுரங்கம் ஆடுமென்றார். பெட்டியின் கதவுகளைத் திறந்து பற்சக்கரங்களையும் காட்டினார். 1809-ல் நெப்போலியனே அதனோடு ஆடினான். எண்பது வருஷத்துக்கு மேல் ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் மயக்கிய அந்தப் பொம்மை 1854-ல் பிலடெல்பியாவில் தீயில் வெந்தது. அதன் ரகசியம் மிகவும் எளியது: பெட்டிக்குள்ளே கெட்டிக்கார ஆட்டக்காரன் ஒருவன் ஒளிந்திருந்தான். பிறகு 1957-ல் ஹெர்பர்ட் ஸைமன் என்னும் அறிஞர், பத்தே வருஷத்தில் கணிப்பொறி சதுரங்கத்தில் உலக வீரனாகுமென்றார். பத்து வருஷம் நாற்பதாயிற்று. 1997 மே மாதத்தில் ஐ.பி.எம். கம்பெனியின் ‘டீப் ப்ளூ’ யந்திரம் உலக வீரர் காஸ்பரோவை மெய்யாகவே தோற்கடித்தது.

‘யந்திரம் சதுரங்கம் ஆடும்’ என்ற அதே வாக்கியம் 1770-ல் புளுகு, 1957-ல் அவசரம், 1997-ல் உண்மை. செய்தியின் வாசகத்தை மட்டும் பார்த்து மெய், பொய் நிச்சயிக்க முடியாது என்பதற்கு இதைவிட வேறு திருஷ்டாந்தம் வேண்டுமா? ‘இது நடக்கக்கூடியதா?’ என்று கேட்பதைவிட ‘இதற்கு என்ன சாட்சியம்?’ என்று கேட்பதே விவேகம்.

சாட்சியம் என்று வந்தவுடன் கோர்ட்டின் முறை நமக்குத் துணையாகிறது. ஒரு சங்கதி உண்டென்று சொல்லுகிறவனே அதை ருஜுப்பிக்க வேண்டுமென்பது 1872-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தின் கொள்கை. 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்திருக்கும் பாரதீய சாக்ஷ்ய அதிநியமும் அதைக் கைவிடவில்லை. கேள்விப்பட்டவனின் வார்த்தை போதாது, கண்டவன் வரவேண்டும். வந்தவனும் குறுக்கு விசாரணைக்கு உட்பட வேண்டும். பத்து ரூபாய்க் கடன் பத்திரத்துக்கு இவ்வளவு ருஜு கேட்கும் நாம், உலகத்தை மாற்றும் யந்திரத்துக்கு ஒரு புகைப்படமும் ஒரு புன்னகையும் போதுமென்று விட்டுவிடுவது எந்த நியாயம்? யார் நேரில் பார்த்தார்கள்? கண்டுபிடித்தவனுடைய கையில் மட்டுமன்றி, வேறொருவன் கையிலும் அது வேலை செய்ததா? நாம் நம்பினால் பணம் யாருக்குப் போய்ச் சேரும்? பெட்டிக்குள்ளே யார் இருக்கிறார்கள்? இந்த நான்கு கேள்விகளுக்கும் பட்டம் வேண்டியதில்லை. கூச்சம் விட்டால் போதும்.

இந்த முறை எவ்வளவு விரைவாக வேலை செய்யுமென்பதற்கு 2023-ஆம் வருஷத்துச் சம்பவம் ஒன்று சாட்சி. அவ்வருஷம் ஜூலையில் தென்கொரிய ஆராய்ச்சியாளர் சிலர், சாதாரண வெப்பநிலையிலேயே மின்சாரத்தைத் தடையின்றிக் கடத்தும் பொருள் ஒன்றைச் செய்துவிட்டதாக அறிவித்தார்கள். எல்.கே.-99 என்பது அதன் பெயர். அது மெய்யானால் மின்கம்பியில் நஷ்டமே இராது. உலகம் ஆரவாரித்தது. ஆனால் செய்முறையை அவர்கள் மறைக்காமல் வெளியிட்டிருந்தார்கள். சீனாவிலும், ஜெர்மனியிலும், நமது டில்லி தேசிய பௌதிக ஆராய்ச்சிக் கூடத்திலும் அதே பொருளைச் செய்து பார்த்தார்கள். சில வாரங்களில் சங்கதி விளங்கிற்று: அதில் கலந்திருந்த செம்புக் கந்தகம் காட்டிய மாயமேயன்றி வேறில்லை. இதில் யாரும் சிறை செல்லவில்லை. ஏழையின் பணம் போகவில்லை. செய்முறையைத் திறந்து காட்டியவர்கள் தவறியும் கௌரவம் இழக்கவில்லை.

செய்முறையை மூடி வைத்தவர்களின் சரித்திரம் வேறு. பிலடெல்பியாவில் கீலி என்பவர் தண்ணீரிலிருந்து அளவற்ற சக்தி எடுப்பதாகச் சொல்லி 1870-க்களில் கம்பெனி தொடங்கினார். ‘இன்னும் கொஞ்சம் பொறுங்கள்’ என்று சொல்லியே 1898-ல் சாகும்வரையில் பங்குதாரர்களின் பணத்தில் காலம் தள்ளினார். அவர் இறந்த பின் அவருடைய ஆராய்ச்சிக் கூடத்தைச் சோதித்தவர்கள் தரைக்கடியில் காற்றை அடைத்து வைக்கத் தக்க பெரிய இரும்புக் குண்டு ஒன்றைக் கண்டார்கள். ஒரு நூற்றாண்டு கழித்து, 1996-ல், நமது ராஜபாளையத்துப் பக்கத்திலிருந்து ராமர் பிள்ளை தண்ணீரையும் மூலிகையையும் கொண்டு பெட்ரோல் செய்வதாகக் கிளம்பினார். பத்திரிகைகளும் பெரிய மனிதர்களும் அவரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடியது பலருக்கு நினைவிருக்கும். பரிசோதனையில் அந்த உரிமை நிற்கவில்லை. பெட்ரோலியச் சரக்குகளைக் கலந்து மூலிகை எரிபொருளென்று விற்றதாக சி.பி.ஐ. தொடுத்த வழக்கில் 2016-ல் சென்னைக் கோர்ட்டு அவருக்கு மூன்று வருஷம் தண்டனை விதித்தது.

இந்த இரண்டு கதைகளிலும் தண்ணீரே அகப்பட்டுக்கொண்டது விசித்திரம். தண்ணீர் என்பது ஹைட்ரஜன் எரிந்து மிஞ்சிய சாம்பல். சாம்பலை மறுபடியும் விறகாக்க வேண்டுமானால், விறகு எரிந்தபோது தந்த சக்தி முழுவதையும் நாம் திரும்பக் கொடுத்தாக வேண்டும். பெட்ரோலுக்கு வேண்டிய கரியோ தண்ணீரில் சிறிதும் இல்லை. பிடி மூலிகை குடம் எண்ணெய்க்குக் கரி கொடுக்காது. கேழ்வரகில் நெய் வடிகிறதென்றால் கேட்பவனுக்கு மதி வேண்டாமா என்று நம் பாட்டிமார் கேட்டது இதைத்தான்.

சிரித்துவிட்டுப் போகக் கூடாத கதையும் ஒன்றுண்டு. எலிஸபெத் ஹோம்ஸ் என்பவர் 2003-ல் அமெரிக்காவில் தெரானோஸ் என்ற கம்பெனியைத் தொடங்கினார். விரல் நுனியில் எடுத்த சில துளி இரத்தத்தில் எண்ணற்ற சோதனைகளைச் செய்யலாமென்றார். கம்பெனியின் மதிப்பு சுமார் 900 கோடி டாலர் என்று கணக்கிட்டார்கள். ஹென்றி கிஸிஞ்சர், ஜார்ஜ் ஷுல்ட்ஸ் ஆகிய முன்னாள் மந்திரிகள் நிர்வாக சபையில் வீற்றிருந்தார்கள். அங்கே வேலைக்கு அமர்ந்த ஷுல்ட்ஸின் பேரன் டைலர் என்ற வாலிபன் கணக்கு ஒவ்வாமையைக் கண்டு கேள்வி கேட்டான். பாட்டனார் பேரனை நம்பவில்லை, கம்பெனியை நம்பினார். அந்த வாலிபனைப் போன்றவர்கள் தந்த தகவலைக் கொண்டு ‘வால் ஸ்ட்ரீட் ஜர்னல்’ 2015-ல் உண்மையை வெளியிட்டது. மறுவருஷம் கம்பெனியே தன் யந்திரம் செய்த இரண்டு வருஷத்துச் சோதனை முடிவுகளை ரத்து செய்தது. 2022-ல் ஹோம்ஸுக்குப் பதினொரு வருஷத்துக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை கிடைத்தது.

அந்தத் தீர்ப்பிலே கவனிக்கத்தக்கது ஒன்று. முதல் போட்டவர்களை ஏமாற்றியதாகவே ஜூரிகள் அவரைக் குற்றவாளி என்றார்கள். நோயாளிகளை ஏமாற்றியதாகச் சொன்ன குற்றச்சாட்டுகளில் அவர் விடுபட்டார். அவருடைய கூட்டாளி பல்வானியின் வழக்கில்தான் நோயாளிகள் விஷயத்திலும் குற்றம் ருஜுவாயிற்று. பணம் போனவன் வக்கீலை வைத்துக்கொள்வான். தவறான சோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு இரவெல்லாம் நடுங்கிய தாய்க்கு யார் நஷ்டஈடு கொடுப்பது? யந்திரச் செய்தி வெறும் வேடிக்கையல்ல. சில வேளைகளில் அது ஒருவருடைய உயிரோடு ஆடும் சூதாட்டம்.

இன்று எங்கும் பேசப்படுவது செயற்கை நுண்ணறிவு. இதில் மெய்யான காரியங்கள் நடந்திருப்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் ‘பெட்டிக்குள்ளே யார்?’ என்ற கேள்வி இங்கேதான் மிகவும் அவசியம். 2005-ல் அமேஸான் கம்பெனி, யந்திரத்துக்கு எட்டாத சில்லறை வேலைகளை ஆட்களைக் கொண்டு செய்விக்கும் ஏற்பாடு ஒன்றைத் தொடங்கி, அதற்கு வைத்த பெயர் ‘மெக்கானிக்கல் டர்க்’. கெம்பெலனின் துருக்கியப் பொம்மைதான்! அந்தப் பெட்டிக்குள் புகுந்து வேலை செய்தவர்களில் நமது நாட்டார் ஏராளம். சாட்ஜிபிடி யந்திரத்தின் வாய் சுத்தமாக இருப்பதற்காக, கொடூரமும் ஆபாசமும் நிறைந்த வாசகங்களைப் படித்துத் தரம் பிரித்த கென்யா நாட்டுத் தொழிலாளர்களுக்கு மணிக்கு இரண்டு டாலருக்கும் குறைவாகவே கூலி கிடைத்ததென்று 2023 ஜனவரியில் ‘டைம்’ பத்திரிகை எழுதிற்று. புகழ் பொம்மைக்கு, பாரம் உள்ளிருப்பவனுக்கு. மனிதனே வேண்டாமென்று சொல்லும் யந்திரத்தின் உள்ளே, பெயரில்லாமல் குந்தியிருப்பவன் ஏழை நாட்டு மனிதன் என்றால், நாம் அவனைக் கணக்கில் சேர்க்காமல் யந்திரத்தைப் புகழ்வது தர்மமாகுமா?

இப்படிக் கேள்வி கேட்டால் முன்னேற்றம் தடைப்படும் என்று சிலர் ஆக்ஷேபிக்கிறார்கள். சரித்திரம் அப்படிச் சொல்லவில்லை. ரைட் சகோதரர்கள் பறந்தது மெய்யா பொய்யா என்று ஐரோப்பியர்கள் வருஷக்கணக்கில் சந்தேகித்தார்கள். 1908 ஆகஸ்டில் வில்பர் ரைட் பிரான்ஸ் தேசத்து லெ மான் நகருக்கருகில் எல்லோர் கண்முன்பாகவும் பறந்து காட்டினார். இரண்டு நிமிஷங்கூட ஆகவில்லை. பல வருஷத்துச் சந்தேகம் பறந்தது. மெய்யான பொருள் விசாரணையால் கெடுவதில்லை. உரைத்துப் பார்ப்பதால் பொன்னுக்கு நஷ்டம் உண்டா? உரைகல்லைக் கண்டு அஞ்சுவது பித்தளைதான்.

ஆகவே சிரிக்கும் வாசகர்களை நாம் வேண்டிக்கொள்வது இவ்வளவே: சிரியுங்கள், ஆனால் சிரிப்போடு நின்றுவிடாதீர்கள். பொதுஜனங்களின் வரிப்பணத்தைக் கொண்டு சர்க்காரோ நகரசபையோ ஒரு புதிய யந்திரத்தை வாங்கப் புறப்பட்டால், பரீட்சை எங்கே, முடிவு எங்கே, யார் சரிபார்த்தார்கள் என்று மகஜர் எழுதிக் கேளுங்கள். ஊரில் எவரேனும் புதுக் கம்பெனிப் பங்கு விற்க வந்தால், விதவையின் நகை விலையாவதற்கு முன் அந்தக் கேள்வியைக் கேளுங்கள். பொதுக்காரியத்தில் இறங்கியிருப்பவர்களுக்கு இது சொந்த வேலை. பண்டிதர்களுக்கு ஒதுக்கிவிடத் தக்கதல்ல. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கென்று நாம் ஆறுதல் சொல்லிக்கொள்கிறோம். கீலியின் புளுகு கால் நூற்றாண்டு நின்றது. துருக்கியன் பொம்மையின் புளுகு எண்பது வருஷம் நின்றது. எட்டு நாளில் அது சாக வேண்டுமானால் யாராவது ஒருவர் எழுந்து பெட்டியைத் திறக்கச் சொல்ல வேண்டும். கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரித்ததே மெய்.