‘கஷ்டம், கஷ்டம்’ என்று கூப்பாடு போடுவது யார்?

“லினக்ஸா? ஐயோ, அது இஞ்சினீயர்கள் சமாசாரம்! சாதாரண ஜனங்களுக்கு ஆகாது!”

பல வருஷங்களாக இந்தக் கூப்பாடு கேட்டுக்கொண்டிருக்கிறது. கம்ப்யூட்டர் கடைக்காரர் சொல்கிறார். கம்ப்யூட்டர் வகுப்பு நடத்துகிறவர் சொல்கிறார். லினக்ஸைக் கண்ணால் பார்த்தேயிராதவர் எல்லோரையும்விட உரக்கச் சொல்கிறார். யாருக்குக் கஷ்டம், எதில் கஷ்டம் என்று திருப்பிக் கேட்டால் மட்டும் பதில் வருவதில்லை.

விஷயம் இதுதான், தோழர்களே. கம்ப்யூட்டர் யந்திரம் தானாக ஓடாது. பொத்தானை அழுத்தியதும் திரையை எழுப்பி, தட்டுகிற எழுத்தை வாங்கி, பிரிண்டரை ஓட்டி, சகலத்தையும் மேய்க்கிற ஒரு ஏற்பாடு உள்ளே இருக்க வேண்டும். அதற்கு ஆபரேட்டிங் சிஸ்டம் என்று பெயர். மேஸ்திரி இல்லாமல் மில்லில் ஷிப்ட் ஓடுமா? அது மாதிரி. (இல்லாவிட்டால் இன்னும் நன்றாக ஓடும் என்று சில தோழர்கள் முணுமுணுப்பது காதில் விழுகிறது. அது வேறு கட்டுரை.)

உலகத்தில் பெரும்பாலான மேஜைக் கம்ப்யூட்டர்களில் இந்த வேலையைப் பார்ப்பது மைக்ரோசாப்ட் கம்பெனியின் விண்டோஸ். அதன் சூத்திரம் கம்பெனியின் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கிறது. லினக்ஸ் அப்படியல்ல. 1983-ல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த குனு முயற்சியும், 1991-ல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் தொடங்கிய வேலையும் சேர்ந்து வளர்ந்தது அது. சூத்திரம் பகிரங்கம். யாரும் படிக்கலாம், திருத்தலாம், நகல் எடுத்து அடுத்தவருக்குக் கொடுக்கலாம். உபுண்டு, மின்ட் என்று பல வடிவங்களில் காசில்லாமல் கிடைக்கிறது.

இதை இப்போது பேசக் காரணம் உண்டு. 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு விண்டோஸ் 10-க்குத் தன் ஆதரவை மைக்ரோசாப்ட் முடித்துக்கொண்டது. சில நிபந்தனைகளோடு ஒரு வருஷத் தவணை என்றார்கள். அடுத்ததான விண்டோஸ் 11-க்கு மாறலாமே என்றால், அது புதுவகை பிராசஸரும் ஒரு பாதுகாப்புச் சில்லும் கேட்கிறது. பழைய யந்திரங்களை அது ஏற்பதில்லை. யந்திரம் நன்றாகத்தான் இருக்கிறது. விசைப்பலகை தேயவில்லை, திரை மங்கவில்லை. கம்பெனி ஒரு தேதி குறித்துவிட்டது, அவ்வளவுதான்!

எங்கள் சங்க ஆபீசுக்கு ஒரு ஸ்பின்னிங் மில் தொழிலாளி மகளோடு வந்தார். அக்கா பிளஸ் டூ படித்தபோது சர்க்கார் கொடுத்த லாப்டாப்பைத் தங்கை கல்லூரிக்கு வைத்திருக்கிறாள். கடையில் காட்டினார்களாம். “இது செத்த யந்திரம், புதுசு வாங்குங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். “தோழர், புதுசுக்கு முப்பதாயிரம் சொல்றாங்க. நான் எங்கே போவேன்?” என்றார் அவர்.

அன்று சாயந்திரமே ஒரு பென் டிரைவில் லினக்ஸ் மின்ட்டை வைத்து ஓட்டிக் காட்டினோம். உள்ளே எதையும் அழிக்காமல், பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. பிடித்தால் ஏற்றிக்கொள்ளலாம், பிடிக்காவிட்டால் பிடுங்கிவிடலாம். எந்தக் கடையில் இப்படி ஓட்டிப் பார்த்து வாங்க விடுகிறான்? பெண் அரைமணி நேரம் நோண்டினாள். பிறகு அவளுடைய பைல்களை வேறிடத்தில் நகல் எடுத்து வைத்துவிட்டு ஏற்றினோம். அவள் கேட்டவை இரண்டே கேள்விகள். “மாமா, சேமிச்சது எந்த போல்டருக்குப் போகும்? தமிழ் எப்படி அடிக்கிறது?” தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்துக் கொடுத்தோம். பயர்பாக்ஸில் ஸ்காலர்ஷிப் மனுவைப் பூர்த்தி செய்தாள். லிப்ரே ஆபீஸில் கடிதம் அடித்தாள். வீட்டுக்குப் போய்விட்டாள். எங்கே ஐயா இஞ்சினீயர்?

“விண்டோஸ்தான் எல்லோருக்கும் பழக்கம்” என்பார்கள். பழக்கம் என்று சொல், ஒப்புக்கொள்கிறேன். சுலபம் என்று சொல்லாதே! இரண்டும் ஒன்றல்ல. அந்தப் பழக்கத்தையாவது அந்தக் கம்பெனி மதித்ததா? 2007-ல் ஆபீஸ் புரோகிராமின் மெனுக்களை அடியோடு மாற்றியது. பாதிப் பேர் ‘பிரிண்ட்’ எங்கே என்று தேடினார்கள். 2012-ல் விண்டோஸ் 8-ல் எல்லோருக்கும் தெரிந்த ‘ஸ்டார்ட்’ பொத்தானையே எடுத்துவிட்டது. கூச்சல் கிளம்பியதும் அடுத்த வருஷம் திருப்பி வைத்தது. 2021-ல் விண்டோஸ் 11 வந்தபோது பொத்தான்களை நடுவில் தள்ளியது. ஒவ்வொரு தடவையும் ஜனங்கள் புதிதாகக் கற்றுக்கொண்டார்கள். அப்போதெல்லாம் ‘கஷ்டம்’ என்று எந்தக் கடைக்காரரும் சொல்லவில்லை. லினக்ஸ் என்றால்தான் நாக்கு புரள்கிறது.

உங்கள் சட்டைப்பையில் இருக்கும் ஆண்டிராய்டு போனுக்கு உள்ளே ஓடுவதும் லினக்ஸ் கருதான். அதன் மேல் கூகிள் தன் கடையை விரித்திருக்கிறது என்பது வேறு விஷயம். களை எடுக்கிற அக்கா அதில் படம் பார்க்கிறார், பணம் அனுப்புகிறார். அவருக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை. கையில் கொடுத்தார்கள், கற்றுக்கொண்டார்.

பெரிய அளவில் நடந்திருக்கிறதா? நடந்திருக்கிறது. பிரான்சில் ழாந்தார்மரி என்ற போலீஸ் படை 2005-ல் முதலில் ஆபீஸ் புரோகிராமை மாற்றியது, பிறகு பிரவுசரை மாற்றியது, 2008-லிருந்து உபுண்டுவுக்கே போயிற்று. பத்து வருஷத்தில் 70,000-க்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள். பழைய விண்டோஸிலிருந்து வந்த ஆட்களுக்குத் தெரிந்த பெரிய வித்தியாசம், சின்னப் படங்களும் விளையாட்டுகளும்தான் என்று அதன் அதிகாரியே சொன்னார். போலீசை உதாரணம் காட்டும்படி ஆயிற்றே என்று தோழர்கள் சிரிக்க வேண்டாம்!

பக்கத்திலேயே கேரளம் இருக்கிறது. அங்கே 2001-ல் ஐ.டி. அட் ஸ்கூல் என்று தொடங்கிய திட்டம் (இப்போது ‘கைட்’ ஸ்தாபனம்) பள்ளிக்கூடங்களில் லினக்ஸை வைத்தது. 2019 வாக்கில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்கள். பாடத்துக்கு வேண்டிய புரோகிராம்களைச் சேர்த்துத் தாங்களே ஒரு வடிவம் செய்தார்கள். ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பத்தாம் வகுப்புப் பரீட்சையில் அதையே வைத்தார்கள். அந்தப் பிள்ளைகள் எல்லாம் இஞ்சினீயர்களுக்குப் பிறந்தவர்களா? மீன்பிடிப்பவர் பிள்ளையும் தோட்டத் தொழிலாளி பிள்ளையும் அதில்தான் படித்தார்கள்.

நம் தமிழ்நாட்டுக் கதை என்ன? 2011-ல் லாப்டாப் திட்டம் தொடங்கியபோது விண்டோஸோடு ‘பாஸ்’ லினக்ஸையும் சேர்த்தே கொடுத்தார்கள். சென்னை சி-டாக்கில் உருவான சரக்கு அது. யந்திரம் வந்தது. கற்றுக்கொடுக்க ஆள் வரவில்லை. எங்கள் வட்டாரத்தில் நான் பார்த்தவரை, கடைக்குப் போன லாப்டாப்பில் முதல் வேலையாக அழிக்கப்பட்டது லினக்ஸ்தான். விதையைக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் விடாமல் இருந்துவிட்டு, பிறகு விதை சொத்தை என்றார்கள்!

ஜெர்மனியில் மியூனிக் நகரசபையின் உதாரணத்தை எதிரிகள் காட்டுவார்கள். மறைப்பானேன், நாமே சொல்வோம். 2003-ல் அந்த நகரசபை லினக்ஸுக்கு மாற முடிவு செய்தது. மைக்ரோசாப்ட் தலைவர் ஸ்டீவ் பால்மர் மேயரைப் பார்க்க நேரிலேயே ஓடினார், விலையைக் குறைத்தார், பலிக்கவில்லை. 2013-க்குள் 15,000-ஐ ஒட்டிய யந்திரங்கள் மாறின. 2017-ல் திரும்ப விண்டோஸுக்கே போவதென்று முடிவெடுத்தார்கள். உத்தியோகஸ்தர்களின் புகார்கள் இருந்தது நிஜம். ஆனால் 2016-ல் நகரசபைக்காகத் தயாரித்த ஆலோசனை அறிக்கையோ, பெரிய கோளாறு நிர்வாகம் துண்டு துண்டாகக் கிடப்பதில் இருக்கிறது என்றது. பழி மட்டும் லினக்ஸ் தலையில் விழுந்தது.

இவ்வளவு சொன்னவன் நம் பக்கத்துக் குறையையும் சொல்ல வேண்டும். கணக்குப்பிள்ளை வேலைக்குப் போக டாலி படிக்கிற பிள்ளைக்கு லினக்ஸ் மட்டும் போதாது. டாலி விண்டோஸுக்கென்றே செய்தது. அவனிடம் போய் வீரம் பேசாதீர்கள். பழைய தமிழ் எழுத்துருக்களில் வேலை செய்யும் அச்சகத்துக்கு நம் யூனிகோடு பைலைக் கொடுத்தால் முகம் சுளிக்கிறார்கள். எந்த லினக்ஸ் என்று கேட்டால் நூறு பெயர் சொல்லிப் புதிதாக வருபவரைக் குழப்புகிறோம். ஒன்றைச் சொல்லுங்களேன்!

எல்லாவற்றிலும் மோசம் லினக்ஸ் மேதாவிகளின் மண்டைக் கனம். ஒருவர் சந்தேகம் கேட்டால், கறுப்புத் திரையில் பத்து வரி கட்டளை அடிக்கச் சொல்கிறார்கள். இரண்டு கிளிக்கில் முடிகிற வேலைக்கு! “இதுகூடத் தெரியாதா?” என்று வேறு கேட்கிறார்கள். சாதாரண ஜனங்களுக்கு ஆகாது என்று கடைக்காரர் சொன்னால், அவருக்கு வியாபாரம். இவர் அதையே செய்து காட்டுகிறார், வெறும் பெருமைக்காக. தறி ஓட்டக் கற்றுக்கொடுத்த மூத்த தொழிலாளி உங்களை அப்படியா கேட்டார்? பக்கத்தில் நின்று, அறுந்த நூலை முடிந்து காட்டினார் அல்லவா?

எங்கள் ஆபீஸ் பிரிண்டர் லினக்ஸில் மூன்று நாள் மக்கர் செய்தது. அதற்கு வேண்டிய புரோகிராமை அந்தக் கம்பெனி ஒழுங்காகத் தரவில்லை. கடைசியில் பாலிடெக்னிக் படிக்கும் ஒரு தோழர் சரி செய்தார். என்ன செய்தார் என்று அவரைத் தமிழில் ஒரு தாளில் எழுதச் சொல்லி, பிரிண்டருக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறோம். பழைய லாப்டாப்பை வீசப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைத் தூக்கிக்கொண்டு வரட்டும். சார்ஜர் மறக்க வேண்டாம்.