தாலிக்கு முன் தாளா?

சிகந்தராபாத் பத்மாராவ் நகரில் உள்ள ஸ்கந்தகிரி முருகன் கோயிலில், முகூர்த்த நாட்களில் கூடும் தமிழ்க் குடும்பங்களின் பேச்சில் ஜாதகத்துக்கு அடுத்தபடியாக அடிபடும் சொல் விசா. லாலாகூடா ரெயில்வே தொழிற்சாலையில் உழைத்தவரின் பேத்திக்கும், மாரேட்பள்ளியில் குடியிருக்கும் குமாஸ்தாவின் மகளுக்கும் இன்று வரன் டல்லாஸிலிருந்து வருகிறது. லண்டனிலிருந்தும் பிராங்பர்ட்டிலிருந்தும் வருகிறது. பெண் படித்தவள், பையன் நல்லவன், பொருத்தம் எட்டு. எல்லாம் சரிதான். ஆனால் பெண் எப்போது விமானம் ஏறுவாள்?

இந்தக் கேள்விக்கு நம்மவர் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு பெண்ணையும் பையனையும் அழைத்துப் போய், மணம் நடந்துவிட்டதாக எழுதிக் கொடுத்து, பதிவுச் சான்றிதழ் வாங்கிவிடுவது. அதைக் காட்டி விசாவுக்கு மனுப் போடுவது. விசா வந்த பிறகு, தை மாதமோ வைகாசி மாதமோ நல்ல நாள் பார்த்து, மண்டபம் பிடித்து, ஊரைக் கூட்டித் தாலி கட்டுவது. "இப்போது ரிஜிஸ்தர், பிறகு கல்யாணம்" என்று இதைச் சர்வ சாதாரணமாகச் சொல்கிறார்கள். இது சட்டப்படி எவ்வளவு ஆபத்தான காரியம் என்பதைப் பெண்ணைப் பெற்றவர்கள் அறிந்திருப்பதாகத் தெரியவில்லை.

2024 ஏப்ரல் 19 அன்று சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பு ஒன்றை இவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். விமானம் ஓட்டப் பயிற்சி பெற்ற இருவர். ஆண் ஒருவர், பெண் ஒருவர். 2021 மார்ச்சில் இவர்களுக்கு நிச்சயதார்த்தம் நடந்தது. அதே ஆண்டு ஜூலையில் ஒரு தனியார் சமிதியிடம் மணச் சான்றிதழ் வாங்கி, அதைக் கொண்டு உத்தரப் பிரதேச விதிகளின்படி பதிவும் செய்துகொண்டார்கள். சடங்குகளுடன் கூடிய கல்யாணத்துக்கு 2022 அக்டோபரில் நாள் குறிக்கப்பட்டது. அந்த நாள் வருவதற்குள் இருவருக்கும் மனஸ்தாபம் வந்தது, வழக்குகள் வந்தன. கடைசியில் இருவருமே சுப்ரீம் கோர்ட்டில் ஒப்புக்கொண்டார்கள்: முறைப்படி கல்யாணம் நடக்கவே இல்லை.

நீதிபதிகள் பி.வி. நாகரத்னா, அகஸ்டின் ஜார்ஜ் மஸி ஆகியோர், சடங்கு நடக்காத இடத்தில் இந்துத் திருமணம் இல்லை, திருமணம் இல்லாத இடத்தில் அந்தச் சான்றிதழுக்கும் மதிப்பில்லை என்று தீர்ப்பளித்தார்கள். அந்த இருவரும் ஒருபோதும் கணவன் மனைவி ஆகவில்லை என்று அறிவித்தார்கள். வெளிநாட்டு விசாவுக்கு மனுச் செய்யும் அவசரத்திலும் இத்தகைய பதிவுகள் நடக்கின்றன என்பதைத் தீர்ப்பு குறிப்பிட்டுச் சொல்லியிருப்பது கவனிக்கத்தக்கது.

இது புதிதாக முளைத்த சட்டமன்று. 1955-ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தின் 7-வது பிரிவு, மணமக்களில் எவரேனும் ஒருவரின் வழக்கப்படியான சடங்குகளுடன் மணம் நடக்க வேண்டும் என்கிறது. தமிழரில் பலருக்குத் தாலி கட்டுவதே அந்தச் சடங்கு. ஏழடி எடுத்து வைக்கும் சப்தபதி வழக்கம் உள்ளவர்களுக்கு ஏழாவது அடியில் மணம் நிறைவேறுகிறது. 8-வது பிரிவு பதிவைப் பற்றியது. பதிவு என்பது நடந்த மணத்துக்குச் சாட்சி. நடக்காததற்கு எப்படிச் சாட்சி சொல்ல முடியும்? பிள்ளை பிறக்கும் முன் பிறப்புச் சான்றிதழ் வாங்குவது போன்ற கதைதான் இது.

ஒன்றும் தவறிப்போகாத வரையில் எல்லாம் சுமுகமாகவே தோன்றும். தவறிப்போனால்? விசா வருமுன் சம்பந்தம் முறிந்தால், பெண்ணின் பெயரில் "மணமானவர்" என்று ஒரு சர்க்கார் தாள் நிற்கிறது. கழுத்தில் தாலி இல்லை. கையில் சான்றிதழ் இருக்கிறது. வேறு வரன் பார்க்க வேண்டுமானால் கோர்ட்டுப் படி ஏறி, தான் மனைவியே அல்ல என்று நிரூபித்தாக வேண்டும். அல்லது விசா வந்து, கல்யாணத்தைத் தள்ளிப்போட்டு, பெண் பறந்துவிட்டாள் என்றே வைத்துக்கொள்வோம். அங்கே அவன் கைவிட்டால், ஜீவனாம்சம் கேட்கப் போகிறவளிடம் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கும் முதல் கேள்வி, "உனக்கு எங்கே, எந்தத் தேதியில் தாலி கட்டினார்கள்?" என்பதாகத்தான் இருக்கும். அந்தக் கேள்விக்கு அவள் என்ன பதில் சொல்வாள்?

விசா அதிகாரியிடம் பொய் சொல்வதன் விளைவும் சிறியதன்று. முக்கியமான விஷயத்தைத் தவறாகச் சொல்லி விசா பெற முயன்றதாக அமெரிக்க அதிகாரிகள் முடிவு செய்தால், அந்த நாட்டுக்குள் நுழைய ஆயுட்காலத் தடை விழக்கூடும். கேட்ட கேள்விக்குப் பெண் "ஜூலையில் கல்யாணம்" என்கிறாள். அவளுடைய முகநூல் பக்கத்திலோ கல்யாணப் பத்திரிகை ஜனவரி என்கிறது. 2025 டிசம்பர் 15 முதல் எச்-1பி, எச்-4 மனுதாரர்களின் சமூக ஊடகக் கணக்குகளையும் ஆராய்வதென அமெரிக்கா முடிவு செய்தது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

வெளிநாட்டு வாசலில் நம் பெண்கள் மீது விழும் சந்தேகத்துக்கு நீண்ட சரித்திரம் உண்டு. 1979 ஜனவரியில், மணம் செய்துகொள்வதற்காக லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் வந்திறங்கிய 35 வயது இந்திய ஆசிரியை ஒருவர், ஏற்கெனவே மணமானவராக இருப்பாரோ என்ற சந்தேகத்தின் பேரில் கன்னிமைச் சோதனைக்கு உட்படுத்தப்பட்டார். செய்தி வெளியானதும் பெரும் கண்டனம் எழுந்து, அந்தச் சோதனை கைவிடப்பட்டது. உண்மை சொன்ன பெண்ணுக்கே அந்தக் கதி என்றால், உண்மையல்லாத தாளோடு ஒரு பெண்ணை அனுப்புவது எவ்வளவு விபரீதம்!

பெற்றோரின் சங்கடத்தையும் பார்க்கத்தான் வேண்டும். மாப்பிள்ளைக்கு லீவு இரண்டே வாரம். ஹைதராபாத் நானக்ராம்கூடாவில் 2023-ல் திறந்த பெரிய அமெரிக்கத் துணைத் தூதரகக் கட்டடம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், நேர்காணல் தேதி கைக்கெட்டுவதில்லை. மேலே சொன்ன புது முறையால் பலருடைய தேதிகள் மாதக்கணக்கில் தள்ளிப்போயின. பிரிட்டனில் குடியுரிமையோ நிரந்தரக் குடியிருப்போ உள்ளவர் மனைவியை அழைக்க ஆண்டு வருமானம் 18,600 பவுன் வேண்டும் என்று 2012-ல் வைத்த விதி, 2024 ஏப்ரலில் 29,000 பவுனாக உயர்ந்தது. ஜெர்மனிக்குப் போகும் மனைவி, சில வகையினர் நீங்கலாக, ஆரம்ப நிலை ஜெர்மன் மொழித் தேர்வு எழுத வேண்டும். கல்யாணம் முடிந்து மாதக்கணக்கில் பெண் பிறந்த வீட்டிலேயே இருந்தால் அக்கம்பக்கம் நாலு விதமாகப் பேசும். ஆகவேதான் தாளை முன்னே வாங்கத் துடிக்கிறார்கள். ஆனால் நாலு பேர் பேச்சுக்கு அஞ்சி, பெண்ணின் சட்ட நிலையைப் பணயம் வைப்பது எந்த விதத்தில் புத்திசாலித்தனம்?

நேர்வழி இல்லாமல் போகவில்லை. முதல் வழி, மாப்பிள்ளை வரும் லீவிலேயே எளிமையாகக் கோயிலில் தாலி கட்டி, சாட்சிகளோடும் புகைப்படங்களோடும் அந்த வாரத்திலேயே சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸில் பதிவு செய்வது. ஊர் கூட்டும் விருந்தைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். விருந்தைத் தள்ளிப்போடலாம், தாலியைத் தள்ளிப்போட்டுவிட்டுத் தாளை வாங்கக் கூடாது.

இரண்டாவது வழி, 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டம். இதன்படி அதிகாரி முன்னிலையில், மூன்று சாட்சிகளோடு செய்துகொள்வதே முழுமையான மணம், சடங்கு அவசியமில்லை. முப்பது நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்பதால் மாப்பிள்ளையின் லீவுக்குத் தக்கபடி திட்டமிட வேண்டும். கையெழுத்திட்ட நிமிஷத்திலிருந்து அவர்கள் கணவன் மனைவி என்பதும், பிரிய வேண்டுமானால் விவாகரத்துதான் என்பதும் இரு வீட்டாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். புரோகிதரின்றிச் சுயமரியாதை முறையில் மணம் செய்வோருக்கு இந்தச் சட்டமே இங்கே பாதுகாப்பு. அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1967-ல் அந்த மணங்களுக்குச் செல்லுபடி அளித்த திருத்தம் தமிழ்நாட்டுக்கு உரியது. தெலங்கானாவில் நடக்கும் மணத்துக்கு அதை நம்பிக்கொண்டிருக்க முடியாது.

மூன்றாவது வழி, மணமாகாதவர் என்று உண்மையைச் சொல்லியே போவது. அமெரிக்கப் பிரஜையை மணக்கப் போகும் பெண்ணுக்கு அந்நாடு தனி விசா தருகிறது. போய்ச் சேர்ந்த 90 நாளுக்குள் மணம் செய்துகொள்ள வேண்டும். பிரிட்டனிலும் ஆறு மாதத்துக்கு இப்படி ஒரு விசா உண்டு. ஆனால் எச்-1பி விசாவில் வேலை பார்க்கும் மாப்பிள்ளைக்கு இந்த வசதி கிடையாது. நிச்சயம் பேசும்போதே பையன் எந்த விசாவில் இருக்கிறான் என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சம்பளத்தைக் கேட்கிறோம், இதைக் கேட்கக் கூடாதா?

தாலி கட்டிவிட்டுப் பதிவே செய்யாமல் பெண்ணைச் சுற்றுலா விசாவில் அனுப்புகிறவர்களும் உண்டு. அதுவும் தவறு. ஆந்திரப் பிரதேசத்தில் 2002-ல் வந்த கட்டாயத் திருமணப் பதிவுச் சட்டம் தெலங்கானாவுக்கும் பொருந்தும். தமிழ்நாட்டில் போய் மணம் முடிப்போருக்கு 2009-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பதிவு செய்யும்போது பள்ளிச் சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். நம்முடைய இனிஷியல், ஒன்றில் முன்னால் நிற்கும். ஒன்றில் பின்னால் போகும். ஒன்றில் அப்பா பெயராக விரிந்து குடும்பப் பெயராகிவிடும். அதிகாரிக்கு அது மூன்று பெண்ணாகத் தெரியும்.

சர்க்காருக்கும் பொறுப்பு உண்டு. வெளிநாடுவாழ் இந்தியர் மணத்தை 30 நாளுக்குள் பதிய வேண்டும் என்ற மசோதா 2019-ல் ராஜ்யசபையில் கொண்டுவரப்பட்டது. சட்டக் கமிஷன் 2024 பிப்ரவரியில் தந்த 287-வது அறிக்கை, இத்தகைய மணங்களைக் கட்டாயம் பதிவு செய்யவும், பதிவு எண்ணைக் கணவன் மனைவி இருவர் பாஸ்போர்ட்டிலும் குறிக்கவும் பரிந்துரைத்தது. அறிக்கை அலமாரியில் உறங்கினால் யாருக்கு லாபம்? கைவிட்டு ஓடுகிறவனுக்குத்தான்.

ஆயினும் சட்டம் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. ஊர் விட்டு ஊர் வந்து, ஓவர்டைம் பார்த்து, பி.எப். கடன் வாங்கிக் கல்யாணம் செய்கிற தகப்பனார்கள் ஒரு வரிசையை மட்டும் மாற்றாமல் இருந்தால் போதும். முதலில் மணம், அடுத்து பதிவு, அதற்குப் பிறகே விசா. விசா ஆறு மாதம் தாமதமானால் பெண் ஆறு மாதம் பிறந்த வீட்டில் இருப்பாள், குடி முழுகிவிடாது. வரிசையை மாற்றினால், தான் மனைவியா இல்லையா என்று கேட்டு அவள் கோர்ட்டு வாசலில் ஆண்டுக்கணக்கில் நிற்க நேரிடும்.