அடைக்கோழியைக் கைவிட்டோம்

நோர்வூட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்கள் நாம். சம்பளத்துக்காகக் கத்தியிருக்கிறோம், காணிக்காகக் கத்தியிருக்கிறோம். கத்தியதெல்லாம் நியாயம்தான். ஆனால் நம் கையிலேயே இருந்த ஒன்றை நாமே தவறவிட்டதை இதுவரை எந்த மேடையிலும் சொல்லவில்லை. லயத்து வாசலில் மேய்ந்து, அடுப்படி மூலையில் முட்டையிட்டு, பழைய கொழுந்துக் கூடையில் அடை உட்கார்ந்து, தன் வம்சத்தைத் தானே பெருக்கிக்கொண்ட நாட்டுக்கோழியை நாம் காப்பாற்றவில்லை. கம்பனிக்கும் அரசாங்கத்துக்கும் இதில் பங்கு உண்டு. நம் பங்கு அதைவிடப் பெரிது.

அந்த இழப்பின் கனம் 2022இல் தெரிந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். 2021இல் போராடி வாங்கிய 1000 ரூபாய் நாட்கூலி கைக்கு வந்ததும் கரைந்தது. டொலர் இல்லாமல் தீவனத்துக்கான சோளம் வரவில்லை; சிறிய பண்ணைகள் பல மூடப்பட்டன. மறு ஆண்டு இந்தியாவிலிருந்து கப்பலில் முட்டை வந்தது. அந்த மாதங்களில் நம் லயங்களில் எத்தனை வீட்டில் கோழிக்கூடு இருந்தது? இருந்த கூடுகளிலும் விறகுதான் அடுக்கியிருந்தது. 1973, 74 பஞ்சத்தில் தோட்டங்களில் பட்டினிச் சாவு விழுந்த கதையைப் பாட்டிமார் சொல்லக் கேட்டு வளர்ந்த நாம், அடுத்த பஞ்சத்துக்கு ஒரு பெட்டைக்கோழியைக்கூடத் தயாராக வைத்திருக்கவில்லை.

2016ஆம் ஆண்டின் மக்கள்தொகை, சுகாதார ஆய்வு ஒன்றைச் சொன்னது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் சுமார் 17 சதவீதம். தோட்டப்புறத்தில் சுமார் 32 சதவீதம். இந்த எண்ணைக் கட்டுரைகளில் எழுதினோம், கருத்தரங்குகளில் வாசித்தோம். அந்தப் பிள்ளைக்கு வாரத்தில் மூன்று முட்டை எங்கிருந்து வரும் என்று யோசித்தவர்கள் நம்மில் குறைவு. படித்தவர்கள், ஆசிரியர்கள், தொழிற்சங்கத்தில் இருந்தவர்கள், பத்திரிகையில் எழுதியவர்கள் எல்லோரையும் சேர்த்தே சொல்கிறேன். கோழி வளர்ப்பது கிழவிகளின் வேலை என்று நினைத்தோம். உத்தியோகம் கிடைத்து டிக்கோயாவுக்கோ ஹட்டனுக்கோ வீடு மாறியபோது முதலில் விட்டுவிட்டு வந்தது கோழிக்கூட்டைத்தான்.

சுயதொழில் என்று கலப்பின முட்டைக்கோழிக் குஞ்சுகள் பகிரப்பட்ட காலமும் உண்டு. வரிசையில் நின்று வாங்கினோம். ஆண்டுக்கு 300 முட்டை என்றார்கள், அது பொய்யில்லை. ஆனால் அந்தக் கோழிக்கு நாளொன்றுக்கு 110 கிராமுக்குக் குறையாமல் தீவனம் வேண்டும், வெளிச்சம் வேண்டும், நனையாத கூடு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அது அடை உட்காராது. அடை உட்காரும் காலத்தில் கோழி முட்டையிடாது என்பதால், தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து அந்தக் குணத்தையே நீக்கி உருவாக்கிய இனம் அது. அப்படியே அதன் முட்டையை வேறு கோழியின் அடியில் வைத்துப் பொரித்தாலும், கலப்பினத்தின் பிள்ளை தாயைப் போல வராது. ஒன்றரை, இரண்டு வருடத்தில் முட்டை குறைந்தது, கோழி குழம்புக்குப் போனது, கூடு காலியானது. மறுபடி குஞ்சு வாங்கப் பணம் இல்லை. "இது அடைகாக்குமா?" என்று குஞ்சு வாங்கும்போது நாம் யாரும் கேட்கவில்லை. தன்னிறைவுக்குக் கோழி வளர்க்கிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

நாட்டுக்கோழி ஆண்டில் மூன்று நான்கு தடவை, தடவைக்குப் பத்துப் பதினைந்து முட்டை இடும். கணக்குப் பார்த்தால் முப்பதிலிருந்து அறுபதுதான். ஆனால் சோற்றுப் பருக்கை, காய்கறித் தோல், மண்புழு, கறையான் என்று தானே தேடித் தின்னும். 21 நாள் அடைகாத்துக் குஞ்சுகளை இறக்கிக்கொண்டு வரும். வானத்தில் பருந்தின் நிழல் விழுந்தால் குரல் கொடுத்துக் குஞ்சுகளைச் செடிக்கடியில் ஒதுக்கும். இந்த அறிவை விலைக்கு வாங்க முடியாது.

முட்டை இன்னும் வேண்டுமென்றால் வழி இருக்கிறது. ரோட் ஐலண்ட் ரெட், ஆஸ்திரலோப் இரண்டும் குளிரையும் ஈரத்தையும் தாங்கும் கனத்த இனங்கள். 1922–23இல் ஆஸ்திரேலியாவில் ஆறு ஆஸ்திரலோப் பெட்டைகள் 365 நாளில் 1857 முட்டை இட்டு உலக சாதனை படைத்தன. இவற்றில் ஒரு சேவலை நம் நாட்டுப் பெட்டைகளோடு விட்டால் முட்டையும் உடம்பும் கூடும். அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். மேலும் மேலும் கலந்தால் அடை உட்காரும் குணம் குறைந்துவிடும். நன்றாக அடைகாக்கும் இரண்டு நாட்டுப் பெட்டைகளை எப்போதும் தனியாகக் காப்பாற்றி வைக்க வேண்டும்.

இதையெல்லாம் யோசிக்காமல் தொலைபேசியில் பார்த்த கோழிகளுக்குப் பின்னால் ஓடியதும் நாம்தான். கடக்நாத் கருங்கோழி மத்தியப் பிரதேசத்து ஜாபுவா மாவட்டத்தின் வெயிலுக்குப் பழகியது. 2018இல் புவிசார் குறியீடு பெற்ற நல்ல இனம்தான். ஆனால் அடைகாப்பதில் சோம்பல். கழுத்தில் இறகில்லாத கோழி வெப்பமான ஊருக்கு அருமையானது. உடம்பில் இறகு குறைவாக இருப்பதே அதன் பலம். மே தொடங்கிச் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் நனைந்து கிடக்கும் நோர்வூட்டில் அதுவே பலவீனம். காலெல்லாம் இறகு மூடிய பிரம்மா இனம் நம் சேற்றில் படும் பாடு வளர்த்தவர்களுக்குத் தெரியும். நமக்குத் தேவை நெருக்கமான இறகும், சிறிய கொண்டையும், மழையிலும் மேயப் போகும் கால்களும் உள்ள கோழி. வெள்ளையைவிடக் கறுப்பும் தவிட்டு நிறமும் பருந்து கண்ணுக்குத் தப்பும். நம் பாட்டிமார் அப்படித்தான் தெரிந்தெடுத்தார்கள்.

நோய் விஷயத்தில் நம் தவறு இன்னும் கனமானது. தலையைத் தொங்கப்போட்டு, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, இரண்டு மூன்று நாளில் ஒரு லயத்துக் கோழி முழுவதையும் கொண்டுபோகும் ராணிக்கெட் நோயை நாம் விதி என்று ஏற்றுக்கொண்டோம். 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் அடையாளம் காணப்பட்ட நோய் அது. குமாவுன் மலை ஊரான ராணிக்கேத்தின் பெயரில் நம் பக்கத்தில் வழங்குகிறது. கண்ணில் ஒரு சொட்டு மருந்து விட்டால் தடுக்கலாம். ஆனால் மருந்துக் குப்பி நூறு கோழிக்கும் அதற்கு மேலும் அளவானது. குளிரில் வைத்துக் கொண்டுவர வேண்டும். கரைத்தபின் ஓரிரு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். ஐந்து கோழி வைத்திருக்கும் ஒருத்தியால் தனியாக இதைச் செய்ய முடியாது. ஒரு லயமே சேர்ந்தால் ஒரு காலைப்பொழுதில் முடியும். வெப்பம் தாங்கும் ஐ-2 மருந்தைக் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் உருவாக்கினார்கள். மொசாம்பிக்கிலும் தன்சானியாவிலும் கிராமத்துப் பெண்களே கூடி மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு தடவை சொட்டு விடுகிறார்கள். வேலைநிறுத்தத்துக்கு ஆயிரக்கணக்கில் ஒன்றுகூடத் தெரிந்த நாம், ஒரு சொட்டு மருந்துக்காக இருபது குடும்பம் கூடவில்லை. கன்னொறுவையில் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. ஹட்டனிலிருந்து காலையில் பஸ் ஏறினால் மதியத்துக்குள் போய்விடலாம். எங்கள் மலைக்கு என்ன கோழி பொருந்தும், மருந்து எப்படிக் கிடைக்கும் என்று கேட்டு ஒரு சங்கமாக நாம் அங்கே போய் நின்றிருக்க வேண்டும்.

நமக்கு எதிராக இருந்தவற்றையும் மறைக்கக் கூடாது. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரதேச சபைகள் தோட்டத்துக்குள் செலவு செய்ய முடியாமல் இருந்தது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. பத்தடி காம்பிராவும் ஒடுங்கிய வாசலும் உள்ள லயத்தில் கூடு போட இடமில்லை. தேயிலைக்கு அடிக்கும் களைநாசினியில் மேய்ந்த கோழிகள் நோயுறுகின்றன. கீரி பகலில் வருகிறது, மரநாயும் சிறுத்தையும் இரவில் வருகின்றன. தாய்மார் மத்திய கிழக்குக்குப் போனார்கள், பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்குப் போனார்கள், கோழி அடைக்க அந்திக்கு வீட்டில் ஆளில்லை. இவை எல்லாம் உண்மை. ஆனாலும் ஏழு பேர்ச் காணியும் தனி வீடும் கிடைத்த குடும்பங்களில்கூட முதலில் தகரக் கேட்டும் சிமெந்துத் தரையும் வந்தன, கோழிக்கூடு வரவில்லை.

கவ்வாத்துச் சாமிக்கும் முனியாண்டிக்கும் நாட்டுச் சேவல்தான் வேண்டும் என்று இன்றும் பிடிவாதமாக இருக்கிறோம். பிள்ளை பெற்றவளுக்கு நாட்டுக்கோழிச் சாறுதான் என்கிறோம். அந்தச் சேவலையும் அந்தக் கோழியையும் வேறு ஊர்க்காரரிடம் சொன்ன விலைக்கு வாங்குகிறோம்.

தோட்டத் தலைவர்மாரே, மாதர் சங்கத்தாரே, கோயில் கமிட்டியாரே! உங்கள் பக்கத்தில் எந்த லயத்திலாவது இன்னும் ஒரு கிழவி அடைக்கோழி வைத்திருப்பார். வரும் மே மழைக்கு முன் அவரிடம் போய் முட்டை கேளுங்கள். லயத்துக்கு ஒரு சேவல், நான்கு பெட்டை போதும். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை பக்கத்துத் தோட்டத்தோடு சேவலை மாற்றிக்கொள்ளுங்கள். மருந்துக் குப்பியை யார் வாங்கி வருவது, எந்த ஞாயிறு சொட்டு விடுவது என்று இந்த மாதக் கூட்டத்திலேயே ஆளின் பெயரைச் சொல்லித் தீர்மானியுங்கள்.