'கூட்டுறவு வாங்கியாச்சா பாட்டி?'

கத்தோலிக்கர் பூசையில் வாங்கும் 'நற்கருணை' பிழையான மொழிபெயர்ப்பு என்கிறார் ஒருவர். 'கூட்டுறவு' என்றிருக்க வேண்டுமாம். எங்கள் காயல்பட்டினம் பக்கம் கூட்டுறவு என்றால் பண்டகசாலை! மூலச்சொல் கிரேக்கம்: 'யூகரிஸ்தியா'. நன்றி கூறல் என்று பொருள். பிரித்தால் 'யூ' நல்ல, 'காரிஸ்' அருள். நல் + கருணை. இதைவிட நெருக்கமாக யார் பெயர்ப்பார்? கத்தோலிக்கர் பேச்சில் அது 'நன்மை' என்றும் வழங்கும். பிள்ளைகள் முதன்முறை வாங்குவது 'புதுநன்மை'. சீர்திருத்த சபைகளில் இராப்போஜனம், திருவிருந்து என்ற சொற்களும் உண்டு. அங்கே விருந்து முன்னிற்கிறது, இங்கே அருள். அழுத்தம் வேறு, அவ்வளவுதான். காயல்பட்டினத்து முஸ்லிம்களும் அரபு 'ஸலாத்'தைத் தமிழில் தொழுகை என்கிறார்கள், 'ஸவ்ம்' அவர்களுக்கு நோன்பு. அவர்களையும் திருத்துவாரா? முதலில் புன்னைக்காயலில் ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும், வெளியே வரும் பாட்டியிடம் 'கூட்டுறவு வாங்கியாச்சா?' என்று கேட்டுப் பார்க்கட்டும்.