எஞ்சினைக் குற்றம் சொல்லுமுன்

பறக்கும் ரயிலைத் தினமும் பார்த்து வளரும் நமக்கு ரயில் ஒரு புதுமையன்று. 2004ஆம் ஆண்டில் திருமயிலையிலிருந்து நம் திருவான்மியூர் வரையும், 2007இல் வேளச்சேரி வரையும் நீண்ட அந்தப் பாதையை மாதிரியாகச் செய்து அறிவியல் கண்காட்சியில் ஓட்டிக் காட்டுவது என்று எங்கள் பதினோராம் வகுப்பு முடிவு செய்தபோது, அது எளிய வேலை என்றே எண்ணினோம். ஒட்டுப்பலகை இரண்டு, 16.5 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளம், நிஜத்தின் 87இல் ஒரு பங்கு அளவுள்ள ஓர் எஞ்சின். பறக்கும் ரயிலில் தனி எஞ்சின் ஏது என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அது எங்களுக்கும் தெரியும். கையில் கிடைத்தது அதுதான்!

எஞ்சின் ஓடியது. ஆனால் வளைவுக்கு வந்ததும் தடம் புரண்டது. தூக்கி வைத்தோம், மீண்டும் அதே வளைவில் சாய்ந்தது. மெதுவாக ஓட்டினாலும் புரண்டது, வேகமாக ஓட்டினாலும் புரண்டது.

உடனே ஒரு பேச்சுக் கிளம்பியது. உதவிக்கு வந்த ஒன்பதாம் வகுப்புத் தங்கை ஒருத்தி முதல் நாளன்று அந்த எஞ்சினைக் கை தவறிக் கீழே போட்டிருந்தாள். “அவள் போட்டதால்தான்” என்றோம். அதன் பிறகு அவளைத் தொட விடவில்லை. மூன்று வாரம் அவள் கதவோரம் நின்று பார்த்துவிட்டுப் போனாள். அதை எழுதும்போது எனக்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

வீட்டில் சொன்னபோது, “கொண்டு வா, கடையில் கொடுத்துச் சரி செய்யலாம், பெண்பிள்ளைகளுக்கு இந்தத் திருப்புளி வேலை எதற்கு?” என்றார்கள். பெற்றோரின் அன்பைக் குறை கூறவில்லை. ஆனால் கடைக்குக் கொடுத்திருந்தால் எஞ்சின் மட்டுமே போயிருக்கும். பலகை பள்ளியில்தான் கிடந்திருக்கும்.

எங்களுக்கு வழி காட்டியது உண்மையான ரயில்வேயின் ஒரு வழக்கம். நம் நாட்டில் வண்டி தடம் புரண்டால், விசாரிப்பவர்கள் இரண்டு இடங்களைத் தேடுகிறார்கள். சக்கரத்தின் விளிம்பு தண்டவாளத்தின் தலைமீது ஏறிய இடம் ஒன்று. ஏறிய சக்கரம் கீழே விழுந்த இடம் மற்றொன்று. ஏறிய இடத்தைப் பூஜ்ஜியமாகக் கொண்டு, அங்கிருந்து பாதையை அளந்துகொண்டே பின்னோக்கிப் போகிறார்கள். இதை எங்கள் இயற்பியல் டீச்சர் சொன்னபோதுதான், நாங்கள் மூன்று வாரமாக விழுந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம் என்பது புரிந்தது.

தண்டவாளத்தின் தலையில் ஸ்கெட்ச் பேனாவால் மை பூசினோம். எஞ்சினைக் கையால் மெல்ல ஒரே ஒரு முறை தள்ளினோம். ஆய்வுக்கூடத்து உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால், மையைக் குறுக்கே கிழித்துக்கொண்டு சாய்வாக ஒரு கோடு! விழுந்த இடத்துக்கு ஒரு சாண் முன்னாலேயே சக்கரம் ஏறிவிட்டிருந்தது. அது இரண்டு பலகைகளும் சேரும் இடம்.

ஆனாலும் எஞ்சின்மீது சந்தேகம் போகவில்லை. அதைத் திருப்பி வைத்து ஓட்டினோம்; அதே இடத்தில் புரண்டது. ஒரு பெட்டியை மட்டும் தனியே தள்ளினோம். அதுவும் அங்கே தடுமாறியது. குற்றம் எஞ்சினில் இருந்தால் எஞ்சினோடு கூடவே அல்லவா போக வேண்டும்? முகம் பார்க்கும் கண்ணாடிமேல் நிறுத்திப் பார்த்தோம்; ஆறு சக்கரங்களும் படிந்து நின்றன. சக்கரங்களின் உட்பக்க இடைவெளியை வெர்னியர் அளவியால் அளந்தோம்; மூன்று அச்சிலும் ஒரே அளவு. கீழே விழுந்ததால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

பலகைதான் முறுகியிருந்தது. மழைக்காலத்தில் மாடிப்படிக்கு அடியில் சாய்த்து வைத்தவர்கள் நாங்களே. இங்கே கடற்காற்றின் ஈரம் பலகையைச் சும்மா விடுமா? சேரும் இடத்தில் ஒரு பக்கத் தண்டவாளம் மற்றதைவிட ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. ஒரு மில்லிமீட்டர்தானே என்று தோன்றலாம். அந்தச் சின்னச் சக்கரத்தின் விளிம்பே ஏறத்தாழ அவ்வளவுதான். சமமில்லாத தரையில் நாற்காலியின் ஒரு கால் தூக்கிக்கொள்வதுபோல ஒரு சக்கரம் பாரமில்லாமல் தொங்குகிறது. அதே நேரத்தில் வளைவு அதைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. கீழே அழுத்தும் பாரம் குறைந்து பக்கவாட்டு விசை மிகுந்தால் விளிம்பு ஏறிவிடும். இந்த இரண்டின் விகிதத்தைக் கணக்கிடும் வாய்ப்பாடு பிரெஞ்சுப் பொறியாளர் நாடாலின் பெயரால் வழங்குகிறது. பெரிய ரயிலுக்கும் அதே கணக்குத்தான்.

பலகைக்கு அடியில் ஒரு மரச்சட்டம் அறைந்தோம். பழைய கல்யாண அழைப்பிதழ் அட்டைகளை நறுக்கித் தாழ்ந்த தண்டவாளத்தின் அடியில் ஒவ்வொன்றாகச் சொருகினோம். மூன்றாவது அட்டையில் எஞ்சின் புரளாமல் போயிற்று. நாற்பது சுற்று எண்ணினோம்.

என் கருத்து இதுதான், தோழியரே. பலகையை அறுத்தவர்கள் நாங்கள், பாதையைப் பொருத்தியவர்கள் நாங்கள், எஞ்சினையும் ஒரு சிறுமியையும் குற்றவாளியாக்கித் தீர்ப்பளித்தவர்களும் நாங்களே. நாட்டில் பெரிய ரயில் விபத்துகளை விசாரிக்கும் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை. விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறார். பாதை போட்டவரே தீர்ப்பும் சொல்லக் கூடாது என்று பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நம் வகுப்பறைகளிலோ எது உடைந்தாலும் “யார்?” என்பதே முதல் கேள்வி. “எங்கே?” என்று கேட்க ஆளில்லை.

சிஸ்டர் அவர்களிடம் ஒரு விண்ணப்பம். சிறு திருப்புளிகள், ரசமட்டம், வெர்னியர் அளவி, ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி ஆகியவற்றைப் பூட்டில்லாத பெட்டி ஒன்றில் வைத்து, எந்த வகுப்பு மாணவியும் எடுத்துப் பயன்படுத்த அனுமதிக்க வேண்டும். தொலைந்தால் வாங்கி வைக்க எங்கள் வகுப்பு பொறுப்பேற்கும்.

கண்காட்சியன்று எஞ்சினை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி முழு நாளும் அந்த ஒன்பதாம் வகுப்புத் தங்கையிடம்தான் இருந்தது. சாப்பாட்டு மணி அடித்தும் அவள் எழுந்து வரவில்லை.