திரும்ப அழைத்த ஊர்திகள்

மின்கலத்தால் ஓடும் சிற்றூர்தியில் சிறுவர் தாமே ஏறிச் செலுத்தி மகிழ்தல் அமெரிக்க நாட்டில் பெருவழக்கு. அவற்றுள் ‘பவர் வீல்ஸ்’ என்னும் ஊர்திகளின் மின்னுறுப்புகள் சூடேறித் தீப்பற்றலாயின. ஏறத்தாழ 150 தீ நேர்ச்சிகள் நிகழ்ந்த பின்னரே, 1998 அக்டோபரில், பிஷர்-பிரைஸ் நிறுவனத்தார் 1 கோடி ஊர்திகள் வரை பழுதுநீக்கத் திரும்ப அழைத்தனர்.

பழுது எத்தொழிலினும் நேரும். தச்சர் செய்த வண்டியிலும் அச்சு முறிவதில்லையா? அதனை உடனே உரையாமையே குற்றம். இடர் அறிந்த 24 மணி நேரத்துள் அரசுக்குத் தெரிவித்தல் அந்நாட்டுச் சட்டம். அதனைக் காலத்தே செய்யவில்லை என்ற குற்றச்சாட்டின்மேல் 2001-இல் அந்நிறுவனம் 11 இலட்சம் டாலர் தண்டம் இறுத்தது. கோடி ஊர்தி விற்றார்க்கு அது பெரும்பொருளோ? ஒரு வீட்டில் ஆடி முடித்த ஊர்தி மறுவீட்டுக்குப் போகும். நாள் கடந்து வரும் அறிவிப்பு அங்குள்ள குழந்தையை எங்ஙனம் சென்று சேரும்?