கஜினி கேமை சஞ்சய் ராமசாமியால் முடிக்க முடியுமா?

கஜினி படத்தை வச்சு ஒரு கம்ப்யூட்டர் கேம் வந்தது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

மொபைல்ல வர்ற குட்டி கேம் இல்லைங்க. கம்ப்யூட்டர்ல போட்டு விளையாடுற முழு நீள ஆக்‌ஷன் கேம். ஹைதராபாத்தைச் சேர்ந்த எஃப்எக்ஸ்லேப்ஸ் செய்தது. 2008 டிசம்பர் 25 அன்று ஆமிர்கான் நடித்த இந்தி கஜினி வந்ததே, அதை ஒட்டி ஈராஸ் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இந்தியாவின் முதல் உண்மையான 3டி பிசி கேம் என்று விளம்பரம். மொத்தம் 5 லெவல். 15 வயதுக்கு மேல் உள்ளவர்களுக்கு என்று தயாரிப்பாளர்களே சொல்லியிருந்தார்கள். அந்த வரைக்கும் பொறுப்பானவர்கள்தான்.

நம்ம ஊர் சரக்கு என்றும் சொல்லலாம். இந்திப் படத்துக்கும் இயக்குநர் ஏ.ஆர்.முருகதாஸ்தான். 2005-ல் சூர்யா, அசின் நடிச்சு நாம எல்லாரும் பார்த்த அதே கதை. ஆகவே இந்த இழையில் ஹீரோவை நான் சஞ்சய் ராமசாமி என்றே கூப்பிடப் போறேன்.

"டாக்டருக்கு கேம்ல என்ன வேலை, ஊசி போடற வேலையைப் பாரு" என்று கமெண்ட் போட ஒருத்தர் ரெடியா இருப்பார். அவருக்கான பதில்: பொழிச்சலூர்ல கிளினிக் வச்சிருக்கிற எனக்கு இந்தப் படத்தோட தொடர்பு வாரம் ஒரு தடவையாவது வரும். தலையில் அடிபட்டவரோட வீட்டுக்காரங்க உள்ளே வந்து உட்கார்ந்ததும் சொல்ற முதல் வார்த்தை, "டாக்டர், இவனுக்கு கஜினி மாதிரி ஆயிடுச்சு." சாவியை மறந்து வச்சவர், பரீட்சையில் பதிலை மறந்த பையன், வயசான தாத்தா, எல்லாருக்கும் இதே பேர்தான். ஒரு வியாதிக்கு ஒரு படம் இவ்வளவு அழுத்தமா பேர் வச்சது தமிழ்ல வேற எதுவும் எனக்குத் தெரிஞ்சு இல்லை.

அதனாலதான் பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தையில் பழைய சிடி குவியலுக்குள்ள இந்த கேமைப் பார்த்ததும் விட மனசு வரலை. பழைய கம்ப்யூட்டர் ஒன்றை தூசி தட்டி எடுத்தாச்சு.

முதல்ல நல்லதைச் சொல்லிடறேன்.

2008-ல் நம்ம பிள்ளைகள் பிரவுசிங் சென்டர்ல விளையாடினது எல்லாம் வெளிநாட்டுக் கதை. அமெரிக்க சிப்பாய், அமெரிக்க நகரம், அமெரிக்க கார். அந்த நேரத்துல நமக்குத் தெரிஞ்ச ஒரு கதையை, நமக்குத் தெரிஞ்ச ஒரு முகத்தை, பின்னாலிருந்து பார்த்துக்கிட்டே நடத்திக்கிட்டுப் போகலாம் என்பது சின்ன விஷயம் இல்லை. பெரிய ஸ்டுடியோவோ பெரிய பணமோ இல்லாத சூழல்ல ஒரு குழு இதை முடிச்சு, டப்பாவில் போட்டு, கடையில் வச்சது. இதுக்கு அப்புறம்தான் 2011-ல் ரா.ஒன், 2014-ல் மொபைல்ல கோச்சடையான் என்று வரிசையா வந்தது. முன்னாடி போனவங்களுக்கு முள்ளு குத்தத்தான் செய்யும்.

இரண்டாவது நல்லது, கதைத் தேர்வு. சினிமாவை கேம் ஆக்குறவங்க பொதுவா எது ஓடுதோ அதை எடுப்பாங்க. இவங்களுக்குக் கிடைச்சது உலகத்துல எந்த கேம் டிசைனரும் பொறாமைப்படற கதை. 15 நிமிஷத்துக்கு மேல எதுவும் நிக்காத ஒரு ஆள். கையில் போட்டோ, உடம்பு பூரா பச்சை. யாரைத் தேடறோம் என்பதையே தினமும் காலையில புதுசா கத்துக்கணும். யோசிச்சுப் பாருங்க, இது படமா இருக்கிறதை விட கேமா இருக்கத்தான் பொருத்தம்.

எரிச்சலும் அங்கேயேதான். அந்த நோய் கேமோட கதைச் சுருக்கத்தில் இருக்கு. உங்க கைக்கு வரவே இல்லை. நீங்க செய்றது அடி, உதை, ஆயுதம் எடு, பொருள் எடு, அடுத்த லெவலுக்குப் போ. சஞ்சயை எடுத்துட்டு அங்கே ஒரு போலீஸ்காரரை வச்சாலும் கேம் அப்படியே ஓடும். சண்டையும் அந்தக் காலத்து வெளிநாட்டு கேம்களோட பார்த்தா மொத்தைதான். அதையாவது மன்னிக்கலாம். நோயைத் தொடாம விட்டதைத்தான் என்னால மன்னிக்க முடியலை.

சினிமா கேம்களுக்கு இது பரம்பரை வியாதி. படம் ரிலீஸ் ஆகுற தேதிக்குள்ள கேமும் வந்தாகணும். 1982-ல் அடாரி நிறுவனம் ஈ.டி. படத்துக்கு கேம் செய்யச் சொன்னப்போ, ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா என்பவருக்குக் கிடைத்தது சுமார் 5 வாரம். விற்காத கேசட்டுகளை நியூ மெக்சிகோவில் குப்பைமேட்டில் புதைச்சாங்க. 2014-ல் தோண்டி எடுத்தும் காட்டினாங்க. மாறா, ஜேம்ஸ் பாண்ட் படமான கோல்டன் ஐ 1995-ல் வந்தது, அதோட கேம் 1997-ல் தான் வந்தது. இரண்டு வருஷம் லேட். ஆனா இன்னைக்கும் அதைப் பத்திப் பேசறாங்க. பிரசவத்துக்கு நாள் குறிச்சு அவசரப்படுத்துற குடும்பங்களுக்கு நான் சொல்றதையேதான் இவங்களுக்கும் சொல்வேன்: குழந்தைக்கு எப்போ வரணும்னு தெரியும், விடுங்க.

சரி, இப்போ என் ஏரியாவுக்கு வர்றேன்.

சஞ்சய்க்கு இருக்கிறது "ஷார்ட் டெர்ம் மெமரி லாஸ்" என்று படம் சொல்லிக் கொடுத்தது. மருத்துவத்துல அதுக்குப் பேர் ஆன்டிரோகிரேட் அம்னீஷியா. தமிழ்ல சொன்னா, அடிபட்டதுக்குப் பிறகு நடக்கிற எதுவும் புதுசா மனசுல பதியாத நிலை. இதுல குறுகிய கால நினைவு போறதே இல்லை! அவர்கிட்ட ஒரு போன் நம்பர் சொன்னா உடனே திருப்பிச் சொல்வார். வேற பேச்சு பேசிட்டு மறுபடி கேளுங்க, நம்பர் மட்டுமல்ல, நீங்க நம்பர் சொன்னதே ஞாபகம் இருக்காது. பழசு எல்லாம் பெரும்பாலும் இருக்கும். புதுசை பீரோவுக்குள்ள எடுத்து வைக்கிற ஆள்தான் லீவு. அந்த ஆளோட பேர் ஹிப்போகேம்பஸ். மூளையின் இரண்டு பக்கமும், காதுக்கு உள்பக்கமா இருக்கு.

இது நமக்கு எப்படித் தெரியும்? அமெரிக்காவில் ஹென்றி மோலைசன் என்று ஒருத்தர். வலிப்பு நிக்கவே இல்லைன்னு 1953-ல் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர் அவருக்கு இரண்டு பக்க ஹிப்போகேம்பஸ் பகுதியையும் எடுத்தார். வலிப்பு குறைஞ்சது. கூடவே, 27 வயசுல அவரோட புது நினைவுகளுக்கும் கதவு சாத்தியாச்சு. அடுத்த 55 வருஷம் மருத்துவ உலகம் அவரை எச்.எம். என்ற இரண்டு எழுத்தாலதான் அறிஞ்சிருந்தது. 2008 டிசம்பர் 2 அன்று அவர் இறந்த பிறகுதான் முழுப் பெயர் வெளியே வந்தது. அதே மாசம் 25-ஆம் தேதி இந்தி கஜினி ரிலீஸ். எனக்கு இதைப் படிச்சப்போ புல்லரிச்சது.

பிரெண்டா மில்னர் என்ற உளவியல் நிபுணர் அவருக்கு ஒரு விளையாட்டு கொடுத்தார். கண்ணாடியில் மட்டும் பார்த்துக்கிட்டு ஒரு நட்சத்திரத்தைச் சுத்திக் கோடு போடணும். நீங்களே வீட்ல செஞ்சு பாருங்க, கை எங்கேயோ போகும். ஹென்றியும் முதல்ல திணறினார். மூணு நாள்ல கை சுத்தமா பழகிடுச்சு. ஆனா ஒவ்வொரு நாளும் அவரைப் பொறுத்தவரை அது முதல் தடவை. "இதை நான் செஞ்சதே இல்லையே" என்பார், சரசரன்னு வரைவார். கைக்குத் தெரிஞ்சது, அவருக்குத் தெரியலை. கைவேலை பழகுறதுக்கு மூளையில் வேற இடம் இருக்கு; ஹிப்போகேம்பஸ் இல்லாமலே அது நடக்கும்.

இந்த ஒரு விஷயத்தை விளக்க எனக்கு கேம்தான் உதவுச்சு. சொல்றேன், ஆளை அடையாளம் தெரியாதபடி விவரத்தை மாத்தியிருக்கேன்.

பைக்ல விழுந்த ஒரு பையன். ஹெல்மெட் இருந்தது, வண்டி டேங்க் மேல. பெரிய ஆஸ்பத்திரியில் சிகிச்சை முடிஞ்சு மூணு மாசம் ஆச்சு. உயிருக்குப் பயம் இல்லை, பேச்சு நல்லா இருக்கு. காலையில் என்ன சாப்பிட்டான்னு கேட்டா தெரியாது. அவங்க அம்மா என்கிட்ட வந்தது மாத்திரைக்காக இல்லை, புகார் சொல்ல.

"டாக்டர், மாத்திரை போட்டியான்னா தெரியாதுங்கறான். அக்கா வந்துட்டுப் போனா, வரவே இல்லைங்கறான். ஆனா போன்ல அந்தச் சுடுற விளையாட்டைக் குடுத்தா அப்படி ஆடறான். முன்னைக்கு இப்போ நல்லாவே ஆடறான். விளையாட்டுக்கு மட்டும் ஞாபகம் இருக்குமா? நடிக்கிறான் டாக்டர்."

பையன் தலையைக் குனிஞ்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தான். வீட்ல அவனை எல்லாரும் நடிகன்னு கூப்பிட ஆரம்பிச்சிருந்தாங்க. அப்பா ஒரு தடவை கை நீட்டிட்டார்.

"அம்மா, அவன் நடிக்கலை. அவன் கட்டை விரல் கத்துக்குது, அவன் கத்துக்கலை" என்று சொல்லி, ஹென்றி கதையைச் சொன்னேன். அந்த அம்மா ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம் பையன் பக்கம் திரும்பி, "அப்போ இட்லி சுடச் சொல்லிக் குடுத்தா கை கத்துக்குமா?" என்று கேட்டாங்க. நான் படிச்ச நியூராலஜி புத்தகத்தை விட நல்ல கேள்வி. ஆமாம், கத்துக்கும். அதைத்தான் செய்றோம்.

கஜினி படம் நமக்குக் கொடுத்த பெரிய சங்கடம் இதுதான். நினைவு போனவர்னா 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை மொத்தமா அழியணும், வெறி பிடிச்சவர் மாதிரி கத்தணும், இல்லைன்னா நடிப்பு. நிஜத்துல தலைக்காயத்துக்குப் பிறகு வர்ற மறதி பெரும்பாலும் அரைகுறைதான். கொஞ்சம் நிக்கும், கொஞ்சம் நழுவும். கவனம் சிதறும், சீக்கிரம் களைப்பு வரும், கோபம் வரும். நிறைய பேருக்கு மாசக் கணக்குல தேறும். அப்படிப்பட்டவங்களை வீட்ல சோதனை பண்ணாதீங்க. "நேத்து யார் வந்தாங்க சொல்லு பார்ப்போம்" வேண்டாம். அவர் ஊகிச்சுத் தப்பாச் சொல்வார், அந்தத் தப்பே பதிஞ்சுடும். சரியான பதிலை நீங்களே முதல்ல சொல்லிட்டு, அதைச் செய்ய வைங்க. இதை மறுவாழ்வுப் பயிற்சியில் பிழையில்லாக் கற்றல் என்கிறோம்.

இப்போ தலைப்புக்கு வர்றேன். எந்த ஆக்‌ஷன் கேமை வேணா எடுத்துக்கோங்க, அது உங்களுக்குக் கத்துக் குடுக்கிற முறை என்ன? சாக விடும். "ஓ, அந்தத் தூண் பின்னாடி ஒருத்தன் இருக்கான்" என்று நீங்க ஞாபகம் வச்சுக்கிட்டு மறுபடி வருவீங்க. பிழையால மட்டுமே கற்றல். அதுக்கு ஹிப்போகேம்பஸ் வேணும். சஞ்சய் ராமசாமியைக் கொண்டுவந்து உட்கார வச்சா, குத்து விடறதுல நாளுக்கு நாள் தேறுவார். ஆனா தூண் பின்னாடி இருக்கிறவன்கிட்ட ஒவ்வொரு தடவையும் புதுசா அடி வாங்குவார். தன் கதையை வச்சு வந்த கேமை அவரால முடிக்கவே முடியாது!

இதை கேமுக்குள்ள வச்சிருந்தா எப்படி இருந்திருக்கும்? 15 நிமிஷம் ஆனதும் வரைபடம் அழியும். வில்லன் முகம் வெறும் முகமாகும். போன தடவை நீங்க எடுத்த போட்டோ, அதுக்குப் பின்னால எழுதின ஒரு வரி, அது மட்டும்தான் மிஞ்சும். எழுதும்போது சோம்பேறித்தனம் பண்ணினா அடுத்த 15 நிமிஷம் நீங்கதான் அனுபவிக்கணும். ஆனா சண்டைத் திறமை மட்டும் ஏறிக்கிட்டே போகும், ஏன்னா அது கையில் இருக்கு. மருத்துவப்படியும் சரி, விளையாட்டுப்படியும் சரி.

இன்னொரு ஆச்சரியம். 2000-ல் ஸ்டிக்கோல்ட் குழு ஹார்வர்டில் செய்த ஆய்வு ஒன்று உண்டு. கடுமையான நினைவிழப்பு உள்ள 5 பேரை டெட்ரிஸ் ஆட வச்சாங்க. ஆடினதே அவங்களுக்கு ஞாபகம் இல்லை. ஆனா தூக்கம் கண்ணைச் சுத்துற நேரத்துல 3 பேர், ஏதோ கட்டங்கள் மேலேருந்து விழுற மாதிரி தெரியுதுன்னு சொன்னாங்க. அது எங்கிருந்து வந்ததுன்னு அவங்களுக்கே தெரியாது. இந்தக் காட்சியை எனக்குத் தெரிஞ்சு எந்த டைரக்டரும் இன்னும் படத்துல வைக்கலை, எந்த கேமும் வைக்கலை.

கமெண்டில் கேட்கப் போற ஒண்ணுக்கு முன்கூட்டியே பதில்: தலையில் அடிபட்டவர் கேம் ஆடலாமா? முதல் இரண்டு நாள் போன், டிவி இரண்டையும் குறைக்கிறது நல்லது. அப்புறம் தலைவலி, தலைசுத்தல், குமட்டல் வராத அளவுக்கு, கொஞ்ச கொஞ்ச நேரமா. வலிப்பு வந்தவர்னா உங்க டாக்டரைக் கேட்டுட்டு மட்டும். அடிபட்ட பிறகு தூக்கக் கலக்கம் அதிகமாகுது, வாந்தி நிக்கலை, ஒரு பக்கம் கை கால் மந்தமாகுதுன்னா இந்த இழையைப் படிச்சுக்கிட்டு இருக்காதீங்க, நேரா எமர்ஜென்சிக்குப் போங்க.

கேம் செய்யற தம்பி தங்கச்சிகள் யாராவது இதைப் படிச்சா, அந்த 15 நிமிஷ யோசனையை தாராளமா எடுத்துக்கோங்க, காசு வேண்டாம். மூளை சம்பந்தமா சந்தேகம் இருந்தா கிளினிக்குக்கே வாங்க, சாயந்தரம் 6 மணிக்கு மேல இருப்பேன். சனிக்கிழமை மட்டும் வராதீங்க. அகத்தீஸ்வரர் கோயிலுக்கு சனி பகவானைப் பார்க்க வர்ற கூட்டத்துல வண்டி நிறுத்த இடம் கிடைக்காது.